முடிக்கொத்து நோய்: சிறுமலை வாழைத் தோட்டங்களில் வரைபட வளையம் போடுவது எப்படி?

சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மலைவாழைகளை ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது முடிக்கொத்து நோய். கீழ்ப்பழனி மலையில் மட்டும் சுமார் 18,000 ஹெக்டேராக இருந்த வாழைப் பரப்பு, 1970-களில் இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நோய் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. நோய் கண்ட ஒரு மரத்தை வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்து மரங்களைக் கவனிக்காமல் விடுவதே அது திரும்பத் திரும்ப வரக் காரணம்.

வளையம் எதற்கு?

இது வாழை அசுவினி பரப்பும் வைரஸ் நோய். இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். புது இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அசுவினி நோயை ஏற்றிய பிறகு இந்த அறிகுறி தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதனால் நோய் மரத்தின் அருகில் நன்றாகத் தெரிகிற மரமும் நோயைச் சுமந்துகொண்டு இருக்கலாம்.

எவ்வளவு தூரம் வரை சந்தேகப்பட வேண்டும்? ஆஸ்திரேலிய வாழைத் தோட்டங்களில் நடந்த ஆய்வில், புதிதாக நோய் வந்த மரங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய் மரத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன. 99 சதவீதம் 86 மீட்டருக்குள் இருந்தன. நம் மலையில் வாழை காபி, எலுமிச்சை, மிளகோடு கலந்து நிற்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேலையைத் தொடங்க இது நல்ல அளவு.

முளைக்குச்சியில் கட்டிய ஆடு, கயிறு எட்டும் தூரம் வரை வட்டமாக மேயும். வரைபட மென்பொருளில் ‘பஃபர்’ என்பதும் அதுதான். நோய் மரம் முளைக்குச்சி, நாம் கொடுக்கும் தூரம் கயிறு.

செய்முறை

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகளோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனப் பணியாளரோ செய்து தரலாம்.

1. நோய் கண்ட ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, கைபேசி ஜிபிஎஸ் மூலம் புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். தேதியையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள்.

2. புள்ளிகளை மென்பொருளில் ஏற்றியதும் ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ கருவியால் மீட்டர் அளவுக்கு மாற்றுங்கள். கைபேசி தரும் புள்ளி பாகைக் கணக்கில் இருக்கும். நம் பகுதியில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மாற்றாமல் 100 என்று கொடுத்தால் அது 100 மீட்டர் அல்ல, 100 பாகை. வளையம் உலக வரைபடத்தையே மூடிவிடும்.

3. மீட்டருக்கு மாற்றும்போது மண்டலம் கேட்கும். கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம் (எண் 32643), கிழக்கே 44-ஆம் மண்டலம் (எண் 32644). அந்தக் கோடு சிறுமலை வழியாகவே போகிறது. குழம்ப வேண்டாம். எல்லாப் புள்ளிகளுக்கும் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். இதனால் வரும் பிழை 100 மீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான்.

4. ‘வெக்டர்’ பட்டியலில் ‘ஜியோபுராசசிங் டூல்ஸ்’ சென்று ‘பஃபர்’ தேர்ந்தெடுங்கள். முதலில் 30 மீட்டர், அடுத்து 100 மீட்டர் என இரண்டு வளையம் போடுங்கள். 20-ஐ 30 ஆகவும், 86-ஐ 100 ஆகவும் கூட்டியதற்குக் காரணம் உண்டு. மரநிழலில் கைபேசி ஜிபிஎஸ் 10 மீட்டர் வரையோ அதற்கு மேலோ தவறலாம்.

5. ‘டிசால்வ்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். அருகருகே உள்ள வளையங்கள் ஒன்றாகிவிடும். பரப்பை இரண்டு முறை கணக்கிடும் தவறு வராது.

ஒரே ஒரு நோய் மரம் என்றால் 30 மீட்டர் வளையம் சுமார் 70 சென்ட்; 100 மீட்டர் வளையம் சுமார் ஏழே முக்கால் ஏக்கர். பெரும்பாலும் அது பக்கத்துத் தோட்டத்துக்குள் போகும். ஆகவே படத்தை அவர்களுக்கும் காட்டுங்கள். குறை சொல்லப் போவதாக நினைக்காமல், சேர்ந்து பார்க்க அழையுங்கள். ஒருவர் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

வளையத்துக்குள் என்ன செய்ய வேண்டும்?

* நோய் மரத்தில் முதலில் அசுவினிக்கு மருந்து தெளித்துவிட்டு, பிறகு கிழங்கோடும் பக்கக்கன்றோடும் அழிக்க வேண்டும். முதலில் வெட்டினால் அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும். மருந்தையும் அளவையும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* 30 மீட்டருக்குள் ஒவ்வொரு மரத்தையும் 15 நாளுக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை பாருங்கள். 100 மீட்டர் வரை மாதம் ஒருமுறை பாருங்கள்.
* மரத்தை அழித்த பிறகும் அந்தப் புள்ளியை வரைபடத்திலிருந்து நீக்காதீர்கள். மூன்று மாதக் கண்காணிப்பு அதை வைத்துத்தான்.
* 100 மீட்டர் வளையத்துக்குள்ளிருந்து நடவுக்குப் பக்கக்கன்று எடுக்கவே கூடாது.

சரிவில் கவனம்

மென்பொருள் அளப்பது படுக்கைத் தூரம். 30 பாகைச் சரிவில் படத்தில் 100 மீட்டர் என்பது தரையில் நாடா பிடித்தால் சுமார் 115 மீட்டர் வரும். நாடாவால் அளந்து எல்லைக் கல் நடுவோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

புதிதாக நடுவோருக்கு

அதே ஆஸ்திரேலிய ஆய்வுகளில், நோயுள்ள தோட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நட்ட புதுத் தோட்டத்தில் முதல் ஆண்டிலேயே நோய் வரும் வாய்ப்பு 88 சதவீதம். 50 முதல் 1,000 மீட்டர் தள்ளி நட்டால் 27 சதவீதம். 1,000 மீட்டருக்கு அப்பால் என்றால் 5 சதவீதத்துக்கும் குறைவு. எனவே நடும் இடத்தைச் சுற்றி 1,000 மீட்டர் வளையம் போட்டு, அதற்குள் நோய் மரம் உள்ளதா என்று பார்த்த பிறகே குழி எடுங்கள்.

வளையத்தால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. நோயுள்ள கன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் எந்தத் தூரமும் காப்பாற்றாது. வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளையே நடுங்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையம், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆகியவற்றில் ஆலோசனை கேட்கலாம். போகும்போது உங்கள் வளைய வரைபடத்தையும் கையோடு கொண்டுபோனால், எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று அங்குள்ளவர்கள் தெளிவாகச் சொல்ல முடியும்.