எண்கோண முத்திரை: எம்.ஜி. காரும் அதனைப் பேணியோரும்

மோட்டார் வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, எஞ்சினின் வலு, விற்பனையான தொகை, ஈற்றில் நிறுவனம் கைமாறிய செய்தி ஆகியனவே அந்நூல்களிற் பேசப்படும். தொழிற்சாலை வாயிலைக் கடந்த பின்னர் வண்டிக்கு நேர்ந்தது யாது என்பதனை அவை பெரிதும் ஆராய்வதில்லை. சாதாரண வண்டியைப் பொறுத்தவரை இதனாற் பெருங்குறை ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துப் பழைய இரும்போடு சேர்வதே அதன் கதி. ஆனால், இங்கிலாந்தின் எம்.ஜி. ஸ்போட்ஸ் காரின் வரலாற்றை இம்முறையில் எழுதப் புகுந்தால் அது பாதி வரலாறாகவே முடியும். அக்காரை ஆக்கிய அபிங்டன் தொழிற்சாலை 1980ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கு உருவான வண்டிகளோ இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன. அவற்றை ஓடச் செய்தோர் யாவர், எங்ஙனம் செய்தனர் என்பன ஆராயத்தக்கன.

எம்.ஜி. என்னும் ஈரெழுத்துக்கள் ‘மொறிஸ் கராஜஸ்’ என்ற பெயரின் சுருக்கம். ஒக்ஸ்போட் நகரிற் சைக்கிள் திருத்துபவராகத் தொழில் தொடங்கிப் பின்னர் பெருஞ் செல்வரான வில்லியம் மொறிஸின் விற்பனை நிலையமே மொறிஸ் கராஜஸ். 1921இல் அதன் விற்பனை முகாமையாளராக வந்த செசில் கிம்பர் என்பவர், அடுத்த ஆண்டிலேயே நிலையம் முழுவதற்கும் பொறுப்பாளரானார். இளமையில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றிற் காலிற் கடுங்காயமுற்றவர் அவர். எனினும் வேகத்தில் அவர் கொண்ட விருப்பம் குன்றவில்லை. மொறிஸ் நிறுவனத்தின் எளிய குடும்ப வண்டியை எடுத்து, அதன்மேல் அழகிய உடலைப் பொருத்தி விற்பதில் அவர் தொடங்கினார். 1925ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நடைபெற்ற ‘லாண்ட்ஸ் எண்ட்’ ஓட்டத் தேர்விற் சிறப்பாக அமைக்கப்பட்ட வண்டியொன்றைத் தாமே ஓட்டித் தங்கப் பதக்கமும் பெற்றார்.

கிம்பரின் பெருஞ் சாதனை 1928இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிப்பட்டது. ‘எம்’ வகை மிட்ஜெற் என்னும் அச்சிறிய வண்டியின் எஞ்சின் 847 சீ.சீ. கொள்ளளவினது. மொறிஸ் மைனர் காரின் அடிச்சட்டத்தில், மெல்லிய பலகையாலும் துணியாலும் ஆன படகு வடிவான உடல் அமைந்திருந்தது. விலை 175 பவுண். அக்காலத்திற் புகழ் பெற்றிருந்த பென்ற்லி போன்ற ஸ்போட்ஸ் கார்கள் ஆயிரம் பவுணுக்கு மேற்பட்டவை. அவற்றை வாங்கியோர் பிரபுக்களும் பெருவணிகருமாவர். வண்டியைப் பேணுதற்குச் சம்பளக்காரரை வைத்திருந்தனர். மிட்ஜெற்றை வாங்கிய இளைஞனுக்கு அவ்வசதி இல்லை. வண்டி பழுதுற்றாற் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதன் அடியிற் படுக்க வேண்டியவன் அவனே.

பழுதுறுதற்கு வேண்டிய ஏதுக்களும் அவ்வண்டியிற் குறைவின்றி இருந்தன. அதன் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டு மேற்புறத்தில் அமைந்தது. அத்தண்டைச் சுழற்றும் இணைப்பு, செங்குத்தாக நிறுத்தப்பட்ட டைனமோவின் ஊடாகவே சென்றது. பொறியியலாளர் நோக்கில் இது நுட்பமான சிக்கன ஏற்பாடு. ஆயினும் மேலேயுள்ள எண்ணெய் கசிந்து டைனமோவினுள் இறங்குவதைத் தடுப்பது கடினமாயிற்று. எண்ணெயில் ஊறிய டைனமோ மின்சாரத்தை ஆக்காது. ஆதலால் மிட்ஜெற் உரிமையாளர் பலருக்குத் தம் வண்டியின் அகத்தை அறிவதற்கு இக்கசிவே முதல் ஆசானாயிற்று.

தனித்தனியே பட்ட தொல்லைகள் மனிதரை ஒன்றுசேர்த்தன. 1930இல் எம்.ஜி. கார்க் கழகம் தோன்றியது. அதன் முதற் செயலாளரான ஜோன் தோன்லி கணக்கியல் பயின்ற இளைஞர். மறு ஆண்டே எம்.ஜி. நிறுவனத்திற் பணியேற்ற அவர், பிற்காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். வாடிக்கையாளர் கழகத்திலிருந்து தொழிற்சாலையின் தலைமைக்கு வந்த இச்செயல், அந்நிறுவனத்தின் இயல்பை ஓரளவு விளக்கும். அபிங்டனில், முன்னர் தோற்பொருட்கள் செய்த கட்டடத்திற் குடியேறிய அத்தொழிற்சாலையில் இறுதிவரை இயந்திர வார்ப்பட்டை நிறுவப்படவில்லை. வண்டிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஆட்களாலேயே தள்ளப்பட்டன.

முப்பதுகளிற் பந்தயத்தில் எம்.ஜி. பெற்ற வெற்றிகள் பல. 1933இல் இத்தாலிய வீரர் நுவொலாரி, அயர்லாந்தின் வடபாலில் நடந்த ரீ.ரீ. பந்தயத்தில் எம்.ஜி. வண்டியிலேயே வென்றார். ஆனால், 1935இல் நிறுவனம் மொறிஸின் நேர்ச்சொத்து என்ற நிலையிலிருந்து அவருடைய பெருங் கூட்டு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டதும் பந்தய வேலை நிறுத்தப்பட்டது. கிம்பர் 1941இற் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1945 பெப்ருவரி 4ஆம் நாள் இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தை அடுத்து நேர்ந்த புகைவண்டி விபத்தில் உயிரிழந்தார். போர் முடிந்த பின்னர், அவர் வளர்த்த மரபின் வண்டியொன்று கடல் கடந்து புகழ் பெற்றதை அவர் காணவில்லை.

அவ்வண்டியே டி.சீ. எனப்படுவது. 1945 முதல் 1949 வரை ஏறத்தாழப் பத்தாயிரம் வண்டிகள் ஆக்கப்பட்டன. இங்கிலாந்தில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் போர்வீரர் எம்.ஜி. காரிற் காதல் கொண்டு, ஊர் திரும்புகையில் அதனைத் தம்முடன் எடுத்துச் சென்றனர் என்பது பலரும் கூறும் கதை. அது முழுப்பொய் அன்று. ஆயினும் கதை தொகையை விஞ்சிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவுக்கென விற்கப்பட்ட டி.சீ. வண்டிகள் இரண்டாயிரத்திற்குச் சற்று மேற்பட்டவையே. அங்குள்ளோர் வலப்புறத்திற் செல்பவர், டி.சீ.யின் சுக்கானும் வலப்புறத்திலேயே இருந்தது. எஞ்சினின் வலு 54 குதிரைவலு. அமெரிக்கக் குடும்ப வண்டிகள் பல அதனினும் வலியன. அங்ஙனமாகவும், 1948 ஒக்டோபரில் நியூ யோர்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் ஊரில் வீதிப் பந்தயத்தைத் தொடக்கிவைத்த கமரன் ஆர்ஜெற்சிங்கர் தாமே டி.சீ. ஓட்டியவர். 1961இல் உலக வாகையராகிய பில் ஹில் என்பாரும் டி.சீ. வண்டியிலேயே பந்தயம் பழகினார். சிறு தொகை பெருவிளைவைத் தந்தமைக்குக் காரணம், அவ்வண்டி உரிமையாளனிடம் வேண்டிய உழைப்பே எனலாம். அமெரிக்க வண்டி ஓட்டுவோனை வீட்டுக் கூடத்தில் இருத்தியது, டி.சீ.யோ அவனைப் பட்டறையில் நிறுத்தியது.

அப்பட்டறை வேலையின் தன்மையைச் சிறிது விரித்தல் தகும். டி.சீ.யின் உடல், தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டங்களால் ஆனது. மழைநீர் புகுந்து மரம் உளுத்தாற் கதவுகள் தொங்கும். அதனைத் திருத்தத் தச்சுத்தொழில் அறிந்திருத்தல் வேண்டும். இன்னும் வியப்பானது அதன் எஞ்சின் திருகாணி. ஆணியின் தலை ஆங்கிலேயரின் ‘விற்வேத்’ அளவினது. எனவே ஆங்கிலச் சாவி அதற்குப் பொருந்தும். ஆனால், கழற்றிப் பார்த்தாற் புரி மில்லிமீற்றர் அளவில் வெட்டப்பட்டிருக்கும். கடையில் வாங்கிய ஆங்கில ஆணி அதில் ஏறாது. வலிந்து ஏற்றினாற் புரி அழியும். இம்மயக்கத்திற்கு விடை போர் வரலாற்றில் உள்ளது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சு நாட்டின் ஹொச்கிஸ் நிறுவனம், துப்பாக்கி செய்தற்காகக் கொவென்றி நகரில் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. போரின் பின்னர் அது மொறிஸுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923இல் மொறிஸ் அதனை விலைக்கு வாங்கினார். ஆங்குள்ள இயந்திரங்கள் பிரெஞ்சு அளவிலேயே புரி வெட்டுவன. ஆகவே புரி பிரெஞ்சு அளவினதாகவும், ஆங்கிலத் தொழிலாளியின் சாவிக்கு இசையும்படி தலை ஆங்கில அளவினதாகவும் செய்யப்பட்டன. கலிபோர்ணியாவில் ஒரு திருகாணி தேடி அலைந்தவன் இவ்வரலாற்றை ஒருவாறு கற்றே தீரவேண்டியிருந்தது. 1948இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆல் மொஸ் என்பவர் தொடங்கிய திருத்தகம், காலப்போக்கில் இத்தகைய உதிரிப்பாகங்களை விற்கும் பெருநிறுவனமாக வளர்ந்ததும் இத்தேவையினாலேயே.

இரட்டைக் காபரேற்றர்களை இசைவிப்பது பிறிதொரு கலை. எஸ்.யூ. வகைக் காபரேற்றரில் ஓர் உலக்கை காற்றின் ஈர்ப்பால் மேலெழுந்து தாழும். எஞ்சின் மெல்ல ஓடுகையில் அவ்வுலக்கையை ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு உயர்த்தல் வேண்டும். எஞ்சினின் வேகம் கூடி அவ்வாறே நின்றால் எரிநெய் மிகுதி. வேகம் குன்றினால் எரிநெய் குறைவு. சிறிது கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் அளவு சரி. இரண்டும் ஒத்துக் காற்றை உள்ளிழுக்கின்றனவா என்பதை அறிய றப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் காபரேற்றர் வாயிலும் வைத்து, சீறும் ஒலியை ஒப்பிடுவர். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பொறுமையும் செவியும் போதும்.

இக்கலை ஈழத்தவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. எம்.ஜி.யின் அடுத்த புகழ்பெற்ற வண்டியான எம்.ஜி.ஏ. 1955இல் வெளிவந்தபோது, அதில் இருந்த 1489 சீ.சீ. எஞ்சின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ50 காரின் எஞ்சினோடு ஒரே குடும்பத்தது. மொறிஸ் மைனரின் எஞ்சினும் 1961ஆம் ஆண்டு மிட்ஜெற்றின் எஞ்சினும் அவ்வாறே உறவின. யாழ்ப்பாணத்து வீதிகளிற் பல தலைமுறையாக ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை உயிரோடு வைத்திருந்த கைத்திறன் எம்.ஜி. கழகத்தார் போற்றிய திறனினும் தாழ்ந்ததன்று. 1990களின் முற்பகுதியிற் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டமையை நோக்கின், உயர்ந்ததென்று கூறினும் பிழையாகாது. வேறுபாடு ஒன்றே: அங்கே விருப்பத்தாற் செய்ததை இங்கே வேறுவழியின்றிச் செய்தனர். கழகமும் சஞ்சிகையும் இன்மையால் அத்திறன் இன்னும் முறையாக எழுதப்படாமலிருப்பது வருந்தத்தக்கது.

எம்.ஜி.ஏ. இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று. 1962இல் வந்த எம்.ஜி.பி. ஐந்து இலட்சத்தைக் கடந்தது. எண்ணிக்கை பெருகப் பெருக ஆக்கியோரின் கவனம் அருகியது என்பதே இக்காலத்தின் செய்தி. 1974இன் பிற்பகுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்குமாறு பாரமான கரிய மோதுதாங்கிகள் பூட்டப்பட்டு, வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. வளைவுகளில் அது முன்போல் நிலைத்து ஓடவில்லை. புதிய வடிவம் வகுத்தற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. 1979 செப்டெம்பரில் அபிங்டன் நகர், தொழிற்சாலையின் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. கொண்டாட்டம் ஓய்ந்த உடனேயே மூடும் அறிவிப்பு வந்தது. தொழிற்சாலையை வாங்க அஸ்ரன் மாட்டின் நிறுவனத்தார் தலைமையில் நடந்த முயற்சியும் கைகூடவில்லை. 1980 ஒக்டோபரில் இறுதி வண்டி வெளியேறியது.

தொழிற்சாலை இல்லாத வண்டியை இனி யார் பேணுவது? எம்.ஜி.பி.க்கு டி.சீ.யைப் போலத் தனி அடிச்சட்டம் இல்லை. தகடுகளை ஒட்டிய கூடே அதன் எலும்பும் தோலுமாகும். கதவின் கீழுள்ள அடிவிளிம்புகளே அக்கூட்டின் வலுவைத் தாங்குவன. ஈரநாட்டிற் கறள் பிடிப்பனவும் முதலில் அவையே. கறள் முற்றிய வண்டியை உயர்த்தினால் நடுவில் வளைந்து, கதவு திறவாமற் சிக்கிக்கொள்ளும். சில உரிமையாளர் உருக்கி ஒட்டும் தொழிலைப் பயின்று அடிவிளிம்புகளைத் தாமே மாற்றினர். ஆயினும், கூடு முழுவதும் அரித்தபோது அதனாற் பயனில்லை. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் என்னும் நிறுவனம், பழைய அச்சுக்களைத் தேடித் திரட்டி, எம்.ஜி.பி.யின் கூட்டைப் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கியது. வழக்கொழிந்த காரின் முழு உடலும் அதன் பழைய அச்சுக்களிலேயே மீண்டும் வார்க்கப்பட்டது.

இதனால் அன்பர்களிடையே எழுந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. புதிய கூட்டிற் பழைய எஞ்சினையும் சில்லுகளையும் பூட்டிய வண்டி 1965ஆம் ஆண்டு வண்டியா, அன்றி நேற்றைய வண்டியா? முதலிற் பூசிய வண்ணமும் முதல் தோலிருக்கையும் சிதைந்திருப்பினும் அவற்றையே காத்தல் வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. வண்டி ஓடுதற்கென்றே பிறந்தது, ஓடாது நிற்கும் வண்டி பழைமையுடைத்தாயினும் வெறும் பொருளே என்பது மற்றையோர் கொள்கை. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதிக் காத்த தமிழ்மரபை அறிந்தோர்க்கு இரண்டாம் கொள்கை இயல்பாகத் தோன்றலாம். எனினும், பெயர்த்தெழுதுவோன் பிழையும் புகுந்துவிடும் என்று முதற் கொள்கையர் விடையிறுப்பின் அதனையும் தள்ளுதல் அரிது. பிரித்தானிய வாகனப் பதிவு விதியோ இவ்விவாதத்திற் புகாது ஒரு நடுவழி கண்டது. பழைய கூட்டின் அமைப்பில் மாற்றமின்றிச் செய்த புதிய கூடு பொருத்தப்பட்டு, எஞ்சின் முதலிய பிற பாகங்களுட் போதியன பழையனவாயின் பழைய பதிவெண் நிலைக்கும்.

எம்.ஜி. என்னும் பெயர் 2005ஆம் ஆண்டின் பின்னர் சீன நிறுவனங்களின் உடைமையாயிற்று. 2023இல் மின்சாரத்தால் ஓடும் ஸ்போட்ஸ் கார் ஒன்றும் அப்பெயரில் வெளிவந்தது. பழைய வண்டிகளின் உரிமையாளரோ தொழிற்சாலையின் பதிவேடுகளையே நாடுகின்றனர். தம் வண்டி எந்நாளில் முடிக்கப்பட்டது, எவ்வண்ணம் பூசப்பெற்றது என்று வினவி, சான்றிதழ் பெற்றுச் சட்டமிட்டு மாட்டுவோர் பலர். அபிங்டன் தொழிற்சாலையின் பெரும்பகுதி இன்று இல்லை. அது நின்ற நிலத்தை அடுத்து எம்.ஜி. கார்க் கழகத்தின் அலுவலகம் உள்ளது. கிம்பர் இல்லம் என்பது அதன் பெயர்.