இரட்டைக் கழுகு, 1933

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை 1933இல் அச்சடித்த 20 டாலர் தங்க நாணயம். முகப்பில் தீப்பந்தமும் ஒலிவக் கிளையும் ஏந்தி நடந்துவரும் சுதந்திர தேவி. பின்புறம் பறக்கும் கழுகு. வடிவமைத்தவர் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். எடை 33.4 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம்.

அச்சானவை 4,45,500. இதை அரிதாக்கியது அழகோ பழமையோ அல்ல, அரசாணைதான். பொருளாதார மந்தத்தின்போது அதிபர் ரூஸ்வெல்ட் தங்க நாணயப் புழக்கத்தை நிறுத்தியதால், புதிதாக அச்சடித்தவை வெளிவராமலே உருக்கப்பட்டன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு இரண்டு ஒதுக்கப்பட்டன. சில மட்டும் எப்படியோ வெளியே கசிந்தன. திருட்டுச் சொத்து என அரசு அவற்றைத் தேடிப் பறிமுதல் செய்தது.

எகிப்து மன்னர் பாரூக் 1944இல் வாங்கிய நாணயத்துக்கு மட்டும் அமெரிக்க அரசே, விவரம் புரியாமல், ஏற்றுமதி உரிமம் வழங்கியிருந்தது. அவர் பதவி இழந்தபின் 1954 ஏலப் பட்டியலில் தலைகாட்டி மறைந்த நாணயம், அதுவே எனக் கருதப்படுவது, 1996இல் நியூயார்க்கில் சிக்கியது. அதன் உரிமை குறித்து எழுந்த வழக்கு சமரசமாகி, 2002இல் சோத்பிஸ் ஏலத்தில் 75,90,020 டாலருக்குப் போனது. கடைசி 20 டாலர் வேடிக்கையானது: முறைப்படி வெளியிடப்படாத நாணயம் என்பதால், அதைச் செல்லுபடியாக்க முகமதிப்பையும் அரசு கணக்காகக் கேட்டு வாங்கியது. 2021இல் அதே நாணயம் ஏறத்தாழ 1.89 கோடி டாலருக்கு விற்றது. தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரே பிரதி என்ற தகுதிக்கே இந்த விலை. உள்ளிருக்கும் தங்கம் ஒரு அவுன்ஸ்கூட இல்லை.