சதுக்கம் காத்த அன்னையர்

அரசர்கள் கோட்டை கட்டிய கதைகளைப் பள்ளிப் புத்தகங்கள் நமக்கு விரிவாகக் கற்பித்தன. ஒரு தெருவிலே குடியிருந்தோர் தம் தெருவைக் காத்துக்கொண்ட கதையை அவை கற்பித்தில. அத்தகைய சரித்திரம் ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அதற்குத் தூண்டுதலாயிருந்த சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

யான் கிராணியாக ஊழியம் புரியும் தோட்டத்தை அடுத்த பெருஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தபொழுது, லாரிகளெல்லாம் சில மாத காலம் லயன் வீடுகளின் ஊடே செல்லும் செம்மண் பாதையில் திருப்பிவிடப்பட்டன. துணி உலர்த்த வழியில்லை; குழந்தைகள் வாசலில் விளையாட இடமில்லை. மாலைதோறும் எல்லோரும் கூடிக் குறை சொன்னோம். ஒருவரேனும் ஒரு வரி எழுதி எவரிடமும் கொடுத்தோமில்லை. எழுதத் தெரிந்த யானும் எழுதவில்லை. “இந்தப் பாதையை அடைத்தால் வண்டிகள் எங்கே போகும்?” என்று மேற்பார்வையாளர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. அதே கேள்விக்கு விடை கண்ட மக்களைப் பற்றிப் பின்னர்ப் படித்தபொழுதே எங்கள் மௌனம் எத்தகைய பிழை என்பது எனக்கு விளங்கிற்று.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதியில், ஐந்தாம் அவென்யூ என்ற புகழ்பெற்ற வீதி தெற்கே சென்று முடியுமிடத்தில் வாஷிங்டன் சதுக்கம் இருக்கின்றது. அதன் பரப்பு பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1797 முதல் 1825 வரை அது திக்கற்ற ஏழைகளைப் புதைக்கும் இடுகாடாயிருந்தது. பின்னர்ப் படைகள் அணிவகுக்கும் மைதானமாகிப் பூங்காவாயிற்று. 1890-களில் அதன் வடபுறத்தே சலவைக்கல் தோரண வாயில் எழும்பிற்று. குதிரை வண்டிகளின் காலத்தில் பூங்காவின் ஊடே அமைந்த பாதையில் பிற்காலத்தில் மோட்டார்களும் பஸ்களும் ஓடத் தலைப்பட்டன.

அந்நாளில் அந்நகரத்துப் பூங்காக்களின் கமிஷனராக 1934 முதல் விளங்கியவர் ராபர்ட் மோசஸ். பாலங்கள், நீச்சற் குளங்கள், விளையாட்டு மைதானங்கள் எனப் பல நன்மைகளை நகரத்திற்குச் செய்தவர் அவர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் மோட்டாருக்கு வழிவிடுவதே நகரத்தின் தருமம் என்று அவர் கருதினார். வியப்பு யாதெனில், தாம் மோட்டார் ஓட்டக் கற்றவரல்லர்! அவர் 1935-ஆம் ஆண்டிலேயே சதுக்கத்தை மாற்றியமைக்க முயன்று, குடியிருப்போரின் எதிர்ப்பால் தடைப்பட்டார். 1952-இல் மீண்டும் புதிய திட்டத்தோடு வந்தார். சதுக்கத்திற்குத் தெற்கே பழைய வீடுகள் இடிக்கப்பட்டுப் புதிய கட்டடங்கள் எழவிருந்தன. அவற்றிற்கு ஐந்தாம் அவென்யூ விலாசம் கிடைக்கும்படி, பூங்காவை ஊடுருவிச் சாலை போடவேண்டும் என்பது திட்டம்.

இச்செய்தி அறிந்த ஷர்லி ஹேய்ஸ் என்னும் பெண்மணி வாளா இருந்தாரில்லை. நான்கு ஆண்மக்களுக்குத் தாய் அவர். பதவியோ பணபலமோ உடையவரல்லர். ஈடித் லயன்ஸ் முதலிய அண்டை வீட்டாருடன் கூடி ஒரு கமிட்டி அமைத்தார். பாதையைச் சிறிது சுருக்குங்கள் என்று அவர்கள் மன்றாடவில்லை; வண்டிப் போக்குவரத்தையே பூங்காவினின்று அகற்றுங்கள் என்று கேட்டனர். 1955-இல் 48 அடி அகலமுள்ள பள்ளச் சாலை போடலாம் என்றார் மோசஸ். 1957-இல் மன்ஹாட்டன் பகுதித் தலைவர் ஹூலன் ஜாக், 36 அடி போதும் என்று சமரசம் பேசினார். ஊடுருவும் கத்தி குறுகியதாயினும் கத்தியே என்றுணர்ந்த அம்மக்கள் இரண்டையும் மறுத்தனர்.

1958-இல் ரேமண்ட் ரூபினோ என்பவர் தலைமையில் இப்போராட்டம் புதுவடிவம் பெற்றது. ‘வாஷிங்டன் சதுக்கப் பூங்காவைப் போக்குவரத்திற்கு அடைப்பதற்கான கூட்டு அவசரக் கமிட்டி’ என்று சங்கத்திற்குப் பெயரிட்டனர். பெயரே கோரிக்கை! கட்சியால் மாறுபட்டோரும் இந்த ஒன்றிற்காக ஒன்றுசேரலாமாயிற்று. எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் ஆதரவளித்தார். நகர அமைப்பு அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட் துணைநின்றார். கட்டடக்கலைப் பத்திரிகையொன்றில் எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸ் கூட்டங்களுக்கும் மனுக்களுக்கும் வழிவகுத்தார். இத்திட்டத்தை எதிர்ப்போர் ஒரு கூட்டம் தாய்மாரேயன்றி வேறெவருமில்லை என்று மோசஸ் சினந்து கூறியதாக ஜேக்கப்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அதிகாரிகளின் கையிலிருந்த பெரிய ஆயுதம், யான் மேலே சொன்ன அதே கேள்விதான். பூங்காப் பாதையை அடைத்தால் சுற்றுத் தெருக்களில் வண்டிகள் வெள்ளம்போற் பெருகும். அத்தெருக்களை அகலமாக்கவேண்டி வரும் என்று அவர்கள் எச்சரித்தனர். கமிட்டியார் மொழிந்த மறுமொழி எளியது: “சில காலம் அடைத்துப் பாருங்கள், சுற்றுத் தெருக்களை ஓரடியும் அகலப்படுத்தவேண்டா, பிறகு எண்ணிப் பாருங்கள்.” நகர மன்றம் இசைந்தது. 1958 நவம்பர் 1-ஆம் நாள், பஸ்களும் அவசர வண்டிகளும் நீங்கலாக மற்றவற்றிற்குப் பாதை அடைக்கப்பட்டது. திறப்பு விழாக்களில் நாடாவை வெட்டுவது வழக்கம். அன்றோ சிறுமியர் பிடித்திருக்க, நாடாவைக் கட்டி விழாக் கொண்டாடினர்.

எதிர்பார்த்த வெள்ளம் வரவேயில்லை. சுற்றுத் தெருக்களில் வண்டிகளை எண்ணியபொழுது தொகை பெருகவில்லை. சிறிது குறைந்தே காணப்பட்டது என்று ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். 1959-இல் பாதை நிரந்தரமாக அடைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பஸ்களும் விலகின.

அவ்வண்டிகள் எங்கே போயின? வண்டி என்பது மழைநீர் போன்றதன்று. நீர் ஒரு வாய்க்காலை அடைத்தால் மறு வாய்க்காலில் பாயும். மோட்டாரை ஓட்டுபவனோ சிந்திக்கும் மனிதன். வழி இடுக்கமானால் வேறு நேரம் புறப்படுவான், ரயிலேறுவான், தொலைவில் வேறு சாலையைத் தேடுவான், அல்லது போகாமலே இருப்பான். பதினொரு நாடுகளில் இவ்வாறு சாலை இடம் குறைக்கப்பட்ட எழுபதுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 2002-இல் வெளியிட்ட முடிவும் பெரும்பாலும் இதனையே காட்டிற்று. எல்லா இடத்தும் இஃதொன்றே நிகழும் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் சோதித்துப் பாராமலே அஞ்சவேண்டுவதில்லை என்பது தெளிவு.

தோட்டத்து லயன்களிலும் பட்டணத்துத் தாமான்களிலும் வாழும் நம்மவரே! சாலை வேண்டா என்று யான் கூறவில்லை. சாலையின்றேல் நமது பிள்ளைகள் பள்ளிக்கும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கும் செல்வதெங்ஙனம்? எந்தச் சாலை, எவர் வாசல் வழியே, எத்துணைக் காலம் என்பவற்றில் அங்கு வாழ்வோரையும் கேட்கவேண்டும் என்பதே நமது வழக்கு. கேட்கப்படாதவிடத்து நாமே சொல்லவேண்டும். கோரிக்கை ஒன்றாயிருக்கட்டும், அது எழுத்திலிருக்கட்டும், வண்டிகளை நாமே எண்ணிக் குறித்த கணக்கு அதனுடன் இருக்கட்டும். அக்கூட்டத்தில் நமது பெண்மணிகள் பின்வரிசையில் அமராதிருக்கட்டும். வாசலில் நாள்முழுதும் நடப்பதை அவர்களே அறிவர்.

தோட்டத்தில் எடை எண்ணுவதும் ஏடு எழுதுவதும் எனது தொழில். அத்தொழிலை எங்கள் செம்மண் பாதைக்காக ஒரு நாளும் யான் செய்தேனில்லை. இன்னொரு முறை லாரிகள் லயன் பக்கம் திரும்புமாயின், அவற்றை எண்ணும் ஏட்டின் முதற்பக்கம் என் கையெழுத்தில் இருக்கும்.