தபால்காரரும் நாலு கிட்டாரும்

கிட்டார் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, சினிமாவில் கல்லூரி மாணவனாக வரும் கதாநாயகன் தோளில் தொங்கியது. இன்னொன்று இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர். ஆனாலும் எழுபதுகளில் எங்கள் திருநின்றவூர் தெருவில் ஒரு பையன் கிட்டாரோடு நடந்து போனால், "பிள்ளை கெட்டுப் போச்சு" என்றுதான் திண்ணையில் பேசிக்கொள்வார்கள். ஏறக்குறைய அதே பேச்சை பிரேசில் நாட்டுத் திண்ணைகளிலும் பேசியிருக்கிறார்கள்.

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டது என் பேத்தி. கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். ஒரு நாள் 'பிரேசிலியன் கிட்டார் குவார்டெட்' என்ற குழுவின் வாசிப்பைப் போட்டுக் காட்டினாள். 1998-ல் தொடங்கிய குழு. நாலு பேர், நாலு கிட்டார். அதில் இரண்டு நமக்குத் தெரிந்த ஆறு தந்திக் கிட்டார், மற்ற இரண்டுக்கு எட்டுத் தந்தி. அவர்கள் வாசித்தது வில்லா-லோபோஸ் 1930-ல் எழுதிய 'பாக்கியானாஸ் பிரசிலேராஸ்' வரிசையில் முதலாவது. எட்டு செல்லோக்களுக்கு எழுதியதை நாலு கிட்டாருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதன் மூன்றாம் பகுதிக்குப் பெயர் 'உரையாடல்'. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தேடிப் போனதில்தான் மற்றதெல்லாம் கிடைத்தது.

1870-களில் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் 'ஷோரோ' என்றொரு இசை பிறந்தது. ஒரு புல்லாங்குழல், ஒரு கிட்டார், கவாக்கினோ என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம். ஐரோப்பாவின் போல்கா நடனமெட்டும் ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்த தாளமும் கலந்தது அது. வாசித்தவர்கள் யார் என்கிறீர்கள்? பெரும்பாலும் கீழ்மட்ட அரசாங்க ஊழியர்கள். தபால்காரர், சுங்க இலாகா குமாஸ்தா, ரயில்வே சிப்பந்தி. பகலில் ஆபீஸ், ராத்திரியில் யார் வீட்டுப் பிறந்த நாளிலோ கல்யாணத்திலோ வாசிப்பு. நான் முப்பத்தாறு வருஷம் ஆர்.எம்.எஸ்ஸில் கடிதம் பிரித்தவன். அரக்கோணம் லோக்கலில் தினமும் பஜனை பாடிக்கொண்டே ஆபீஸ் போன கோஷ்டியை எனக்குத் தெரியும். ஆகவே இவர்கள் எனக்கு அந்நியர்களாகத் தோன்றவில்லை.

ஆனால் கௌரவமான குடும்பங்கள் கிட்டாரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. வீட்டுக் கூடத்தில் பியானோ இருக்கலாம். கிட்டார் ஊர்சுற்றிகளின் சாமான். லிமா பாரெட்டோ என்ற எழுத்தாளர் 1911-ல் தொடராக எழுதிய நாவலில், கண்ணியமான ஓர் ஆபீஸ் உத்தியோகஸ்தர் கிட்டார் கற்றுக்கொள்ளப் புறப்படுகிறார். அக்கம்பக்கம் திகைத்துப் போகிறது. இது கதை. நிஜத்தில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 1914 அக்டோபரில் ஜனாதிபதி மாளிகை விருந்தில், ஜனாதிபதியின் மனைவி நாயிர் டி டெஃபே கிட்டாரை எடுத்து, ஷிகின்யா கொன்ஸாகா என்ற பெண்மணி இயற்றிய ஒரு ஜனரஞ்சகமான நடனமெட்டை வாசித்துவிட்டார். சில நாளில் ரூய் பார்போசா என்ற பெரிய தலைவர் செனட் சபையில் எழுந்து, இப்படிக் கீழ்த்தரமான ஆட்டப்பாட்டை ராஜ மரியாதையோடு மாளிகைக்குள் விடலாமா என்று சாடினார். நம் சபாக்களில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று நடந்த சண்டைகள் எல்லாம் இதற்கு முன்னால் சாதாரணம்.

வில்லா-லோபோஸ் 1887-ல் ரியோவில் பிறந்தவர். அப்பா தேசிய நூலகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைக்கு செல்லோ கற்றுக் கொடுத்துவிட்டு 1899-ல் காலமானார். அம்மாவுக்கு மகன் டாக்டராக வேண்டும். மகனோ ஷோரோக்காரர்களோடு திரிந்து கிட்டார் பழகினான். பிற்பாடு பாரிஸ் போய், அங்கே ஸ்பெயின் தேச கிட்டார் மேதை செகோவியாவைச் சந்தித்து, அவருக்காக 12 பயிற்சி உருப்படிகளை 1929-ல் முடித்தார். 1940-ல் ஐந்து பிரிலூடுகள். இன்று கிளாசிக்கல் கிட்டாரில் உயர்நிலைக்குப் போகிற எவரும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. அமேசான் காடுகளில் அலைந்து பாட்டு சேகரித்ததாக அவர் கதை கதையாகச் சொல்வாராம். சரித்திரக்காரர்கள் அவற்றில் பாதியை நம்புவதில்லை. எங்கள் ஊர்ப் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். இவர் மனத்துக்குள்ளேயே காட்டுக்குப் போய் வந்தார் போலும்.

இப்போது அந்த 'உரையாடல்'. சாதிரோ பிலார் என்று ஒரு கிட்டார்காரர். பிரேசில் மத்திய ரயில்வே ஊழியர். கைவசம் இருந்தது சில உருப்படிகள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கும்படி வாசிப்பாராம். வில்லா-லோபோஸ் அந்த மனிதரின் பாணியை நினைத்துத்தான் மூன்றாம் பகுதியை எழுதினார். நாலு ஷோரோக்காரர்கள் வாத்தியங்களால் பேசிக்கொள்வதாகக் கற்பனை. ஒருவர் ஒன்றைச் சொல்ல, அவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் அதையே வேறு சுருதியில் பிடித்துக்கொள்கிறார், பிறகு மூன்றாமவர். நம் கச்சேரியில் வயலின், பாடகர் போன வழியிலேயே பின்னால் போகும். இதில் நாலு பேரும் நாலு வழி, ஆனால் இடிபடுவதில்லை.

செல்லோவை வில்லால் இழுத்துக்கொண்டே இருக்கலாம், நாதம் நிற்கும். கிட்டாரில் மீட்டின உடனே ஒலி தேய ஆரம்பித்துவிடும். அதனால் நீண்ட ஸ்வரம் வருகிற இரண்டாம் பகுதியில் செல்லோதான் உசத்தி என்பது என் கட்சி. பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் பகுதியில் எனக்கும் அவளுக்கும் தகராறே இல்லை. கிட்டாரில் சொற்கள் தனித்தனியாக விழுகின்றன, பேச்சு பேச்சாகவே கேட்கிறது. செல்லோவுக்குப் போன ரயில்வேக்காரரின் பேச்சு, அறுபத்தெட்டு வருஷம் கழித்துத் தொடங்கிய ஒரு குழுவின் கையால் திரும்பவும் கிட்டாருக்கே வந்துவிட்டது.

இந்தக் குமாஸ்தாக்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு முக்கியமான காரணம் ஒரு தபால்காரர். அலெக்ஸாந்த்ரே கொன்சால்வெஸ் பின்டோ. தனக்குத் தெரிந்த பழைய ஷோரோக்காரர்களை எல்லாம் நினைவிலிருந்து எழுதி 1936-ல் புத்தகமாகப் போட்டார். இலக்கணப் பிழை ஏராளம். ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். யார் எப்படி வாசித்தார் என்பதோடு, எந்த வீட்டில் சாப்பாடு எப்படி என்பதும் அதில் உண்டு. வாசிக்கப் போன வீட்டில் ஒருவர் நைசாகச் சமையலறையை எட்டிப் பார்ப்பாராம். சமையல் நடக்கிற அடையாளமே இல்லையென்றால் வந்து மற்றவர்களிடம் ரகசியமாக, அடுப்பில் பூனை தூங்குகிறது என்பாராம். உடனே ஆளுக்கொரு சாக்குச் சொல்லி, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.