வெற்றிடமும் ஒரு தகவல்: 2018 வெள்ளத்தில் இடப்பள்ளிக்கு வடக்கே

கைபேசிவழித் திரள்பங்களிப்பு பற்றிய ஆய்வுகள் பலவும் ஓர் எடுகோளோடு தொடங்குகின்றன. தகவல் தருபவர் நிகழ்விடத்தில் இருக்கிறார், அவர் கையில் கைபேசி இருக்கிறது, அதில் சிக்னலும் இருக்கிறது. சாலை நெரிசலைத் தெரிவிக்கும் செயலிக்கு இது போதும். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தின்போது பெரியாற்றின் கரைகளிலோ இம்மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது அரிது. பேரிடர்க் காலத்தில் பாதிப்பு கூடிய இடத்தில்தான் இணைப்பு முதலில் அறுகிறது. ஆகவே உதவி கேட்போரின் வரைபடத்தில் அந்த இடமே அமைதியான இடமாகத் தெரிகிறது. தரவு வேகம், அலைக்கற்றைப் பங்கீடு ஆகியவற்றை இந்த வெற்றிடத்துக்கு அடுத்த நிலையில்தான் வைக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பார்க்க கொச்சி நகரின் இடப்பள்ளி நல்ல இடம். தேசிய நெடுஞ்சாலைகள் 66, 544 இரண்டும் இங்கே சந்திக்கின்றன. முதலாவதில் வடக்கே போனால் வராப்புழா, வடக்குப் பறவூர். இரண்டாவதில் போனால் களமசேரி, ஆலுவா, அங்கமாலி. அந்த ஆகஸ்ட் 9ஆம் நாள், பெரியாற்றுக்கு நீர் விடும் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. 15ஆம் நாள் நெடும்பாசேரி விமான நிலையம் மூடப்பட்டு, 29ஆம் நாள்தான் மீண்டும் இயங்கியது. முட்டம் பணிமனைக்குள் தண்ணீர் புகுந்ததால் இடப்பள்ளி வழியாக ஓடும் மெட்ரோவும் நின்றது. சந்திப்பிலிருந்து வடக்கே பிரியும் இரு சாலைகளும் வெள்ளப் பகுதிக்குள் இறங்கின. சில கிலோமீட்டர் தூரத்தில், ஒரு பக்கம் முழு இணைப்போடு நகரம், மறுபக்கம் மாடியில் ஏறி நின்ற மக்கள்.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றது 'கேரளா ரெஸ்க்யூ' இணையதளம். மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் கேரளப் பிரிவுத் தன்னார்வலர்களும் சேர்ந்து அதை உருவாக்கினர். மூலநிரல் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஊர்பேர் தெரியாத நிரலாளர்கள் இரவு பகலாகத் திருத்தினார்கள். சிக்கியவரின் பெயர், இடம், தொலைபேசி எண், தேவை ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பினால் பட்டியல் மீட்புக் குழுக்களுக்குப் போகும். அந்தப் படிவத்தைப் பல நேரம் நிரப்பியவர் யார் என்பதில்தான் நமக்கு அக்கறை. துபாயிலோ பெங்களூருவிலோ இருந்த மகனோ மருமகளோ நிரப்பினார்கள். அம்மா அரை நிமிடம் பேசியிருப்பார். பிறகு போன் அணைந்திருக்கும். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு வந்த கிரேயோல் குறுஞ்செய்திகளைப் புலம்பெயர்ந்த ஹெய்ட்டியர்கள் மொழிபெயர்த்து இடம் குறித்துக் கொடுத்ததும் இதே வகை ஏற்பாடு. உறவு வலை, அறுந்த கைபேசி வலையமைப்புக்கு மாற்றுப் பாதையானது.

மாற்றுப் பாதை காலத்தைக் குழப்பும். அம்மா பேசியது காலை ஆறு மணிக்கு, படிவம் ஏறியது பத்து மணிக்கு என்றால், மீட்புப் படகுக்குத் தெரிவது பத்து மணி மட்டுமே. அதே வேண்டுகோளை அண்ணனும் சித்தப்பாவும் தனித்தனியே பதிவார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பழைய செய்தியை முகம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு மறுபடி ஏற்றுவார். மீட்கப்பட்ட பின்னும் அந்த எண்களுக்கு அழைப்புகள் தொடர்ந்தன. எண்கள் பொதுவெளியில் கிடந்தது தனிச் சிக்கல். 'மீட்கப்பட்டுவிட்டார்' என்ற தகவல் திரும்பி வரும் பாதையை வடிவமைக்காமல் விட்டால், தகவல் சேரும் பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பட்டியல் பொய்யாகிக்கொண்டே போகும்.

இனி நீருக்குள் இருந்த கைபேசியைப் பார்ப்போம். மின்சாரம் போனதும் அலைக்கோபுரம் மின்கலத்தில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வேண்டும். டீசல் வண்டி வரவேண்டிய சாலையோ தண்ணீரில். கோபுரம் இயங்கினாலும் அதை மையத்தோடு இணைக்கும் ஒளியிழை அறுந்தால் பயனில்லை. எஞ்சிய கோபுரங்களின் மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். நான்காம் தலைமுறை வலையமைப்பில் கைபேசி முதலில் இணைப்புக் கோர ஒரு அலைவரிசைக் கலத்துக்கு 64 அடையாளக் குறிகள் மட்டுமே உண்டு. இருவர் ஒரே குறியைத் தேர்ந்தால் கோரிக்கைகள் மோதிக்கொள்ளும். கைபேசி சற்றுப் பொறுத்து, கூடுதல் ஆற்றலோடு மறுபடி முயலும். அதன் உச்சத் திறன் சுமார் 200 மில்லிவாட். தொலைவிலுள்ள கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலம் கரைகிறது. இணைப்புச் சிக்கல் அப்படியே மின்சாரச் சிக்கலாக மாறுகிறது, இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதும் பாடநூல்கள் என்ன சொன்னாலும்.

இந்த நிலையில் குறுஞ்செய்தியின் அருமை தெரியும். அது தரவு இணைப்பை நாடாமல் கட்டுப்பாட்டுத் தடத்தில் போகும். பெறுபவர் தொடர்பில் இல்லையென்றால் மையத்தில் காத்திருக்கும். ஆனால் மலையாளத்திலோ தமிழிலோ எழுதினால் ஒரு செய்தியில் 70 குறியீடுகள்தான் அடங்கும், ஆங்கில எழுத்தில் 160. ஆபத்தில் இருப்பவர் தம் எழுத்தில் எழுதினால் பாதிக்கும் குறைவான இடம் கிடைக்கிறது! அதனால்தான் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லும் குறியீடுகள் முக்கியமாயின. கூகுள் அப்போது பரிந்துரைத்த பிளஸ் கோடு சுமார் 14 மீட்டர் சதுரத்தைப் பத்து எழுத்தெண்களில் சுட்டும், குரலாலும் சொல்லலாம். செயற்கைக்கோள் இடங்காட்டிக்கு இணையம் தேவையில்லை என்றாலும், வலையமைப்பின் உதவி இல்லாதபோது முதல் கணிப்புக்கு நேரம் பிடிக்கும். கூரைக்குக் கீழே பிழை கூடும். எந்த மாடி என்பதை அது நம்பகமாகச் சொல்லாது. அதைச் சொல்ல அண்டை வீட்டார்தான் வேண்டும்.

இணைப்பு அறுந்த இடத்தில் தகவலைச் சேமித்து, சுமந்து, சேர்க்கும் தாமதம் தாங்கும் வலையமைப்பு முறைக்கு இந்தியாவிலேயே முன்னோடி உண்டு. 2000களின் தொடக்கத்தில் டக்நெட் திட்டம் கர்நாடகக் கிராமங்களுக்குப் பேருந்தில் ஏற்றிய வை-ஃபை கருவி மூலம் தரவைக் கொண்டு சென்றது. 2018இல் அதற்கு ஏற்ற ஊர்தி மீனவர் படகு. கடலோரக் கிராமங்களிலிருந்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட படகுகள் உள்நாட்டுத் தெருக்களில் மணிக்கணக்கில் ஓடின. ஒவ்வொரு படகும் வேண்டுகோள்களைச் சேர்த்துக் கரையில் ஏற்றும் நடமாடும் கணுவாக இருந்திருக்க முடியும். படகோட்டிக்கு எங்கே போவதென்று வாய்மொழியாகச் சொன்னோம். அவர் கண்டுவந்ததைப் பதிய ஒரு வழியும் வைக்கவில்லை. அப்படியொரு வழி வைப்பதே விலை மிகக் குறைந்த தீர்வு என்பது என் கருத்து.

தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அரசும் எடுத்த நடவடிக்கைகளுக்கும் எல்லை உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பி.எஸ்.என்.எல். அழைப்புகளை ஒரு வாரம் இலவசமாக்கியது. நல்ல செயல்தான், ஆனால் கோபுரம் அணைந்த தெருவில் இலவசத்துக்குப் பொருளில்லை. பிந்தைய புயல்களில் பயன்பட்ட நிறுவனங்களிடைத் தற்காலிக ரோமிங் பயனுள்ள முன்னேற்றம்: எந்த நிறுவனத்தின் கோபுரம் இயங்கினாலும் எல்லோரும் அதில் ஒட்டிக்கொள்ளலாம். 2023இல் நாடெங்கும் சோதிக்கப்பட்ட கைபேசி எச்சரிக்கை ஒலிபரப்பு மேலிருந்து கீழே பாய்வது. ஒரே செய்தி, எத்தனை பேர் கேட்டாலும் நெரிசல் இல்லை. கீழிருந்து மேலே வருவதற்கு அப்படியொரு குறுக்குவழி கிடையாது.

வேண்டுகோள் வரைபடத்தின் அடியில் இன்னொரு அடுக்கு வேண்டும் என்கிறேன்: ஒவ்வொரு ஊராட்சியிலும் எத்தனை கோபுரங்கள் இயங்குகின்றன, கடைசியாக எப்போது அங்கிருந்து செய்தி வந்தது. வேண்டுகோள் நூறு வந்த ஊரைவிட, கோபுரங்கள் அணைந்து ஒரு வேண்டுகோளும் வராத ஊருக்குப் படகு முந்திப் போகவேண்டியிருக்கலாம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கட்ரீனா புயலுக்குப் பின் 2007இல் தொடங்கிய அறிக்கை முறையில் நிறுவனங்கள் பேரிடர் நாட்களில் தினமும் இந்தக் கணக்கைத் தருகின்றன. 2017இல் மரியா புயல் தாக்கியபோது போர்த்தோ ரிக்கோவின் கோபுரங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் செயலிழந்ததை உலகம் அறிந்தது இவ்வழியே. மாவட்ட வாரியான தொகுப்பு வெளியிடப்பட்டது, தனித்தனி நிறுவனத்தின் இழப்பு மறைக்கப்பட்டது; வணிகப் போட்டி என்ற ஆட்சேபத்துக்கு அதுவே விடை. இந்தியாவிலும் நிறுவனங்களிடம் இத்தரவு இருக்கிறது. காக்கநாட்டிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டறையின் திரையில் அது வேண்டுகோள்களோடு ஒன்றாகத் தெரிய வேண்டும். அதை வெள்ளம் வருவதற்கு முன்பே ஒப்பந்தமாக எழுதிவைக்க வேண்டும்.