கோஷா சோதனை: தண்ணீரே பிஸ்டனான கதை

எண்ணெய் இல்லாமல் தண்ணீரில் ஓடும் ஏர் கம்ப்ரஸரை இன்று புதுசு மாதிரி விற்கிறார்கள். விஷயம் ரொம்பப் பழசு. ஜெனோவாவுக்குப் பக்கத்தில் கோஷா என்ற இடத்தில் 1857இலேயே சார்டீனிய அரசின் குழு ஒன்று இப்படிப்பட்ட கம்ப்ரஸரைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

ஆல்ப்ஸைக் குடைந்து 12 கிலோமீட்டருக்கு மேல் ரயில் சுரங்கம் போட வேண்டும். மேலே மலை அவ்வளவு உயரம், நடுவில் கிணறு இறக்க வழியில்லை. இரண்டு வாயிலிருந்தும்தான் தோண்டியாக வேண்டும். உள்ளே நீராவி எஞ்சின் வைத்தால் புகையிலேயே ஆட்கள் செத்துவிடுவார்கள். வெளியே காற்றை அழுத்தி, குழாயில் அனுப்பி, துளைக்கருவியை ஓட்டலாம் என்றார் ஜெர்மேன் சோமெய்யே. கிராந்திஸ், கிரத்தோனி இருவரும் அவருடைய கூட்டாளிகள்.

ஏன் தண்ணீர்? 20 டிகிரியில் இருக்கும் காற்றைக் குளிர்விக்காமல் 6 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சூடு 200 டிகிரியைத் தாண்டும். தோல் வாஷர் கருகிவிடும். தண்ணீரே பிஸ்டனாக இருந்தால் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும், இடைவெளியையும் அடைக்கும். சூடேறாமலே அழுத்த முடிந்தால், கணக்குப்படி 20 சதவீதத்துக்கு மேல் உழைப்பு மிச்சம்!

குழுவின் பெரிய சந்தேகம், நீளமான குழாயில் காற்றின் வேகம் செத்துப்போகாதா என்பது. சோதனை திருப்தியாக முடிந்தது, அதே வருஷம் வேலையும் ஆரம்பமானது. 1861 ஜனவரியில் இத்தாலியப் பக்கம் பார்தொனெக்கியாவில் துளைக்கருவிகள் ஓடின.

அப்புறம்தான் தலைவலி. மேலிருந்து விழும் தண்ணீர்த்தூண் மோதும் வேகத்தில்தான் காற்று அழுந்தியது. ஒவ்வொரு மோதலும் வால்வுக்கு ஒரு சுத்தியல் அடி. எங்க பாஷையில் சொன்னால், டெஸ்டில் பாஸ், புரொடக்‌ஷனில் தகராறு. பிரெஞ்சுப் பக்கம் மோதானில் அதற்கேற்ற நீர்வீழ்ச்சி இல்லாததால், நீர்ச்சக்கரத்தால் ஓடும் பம்ப் வகை வந்தது. அதிலும் தண்ணீர்தான் பிஸ்டன், ஆனால் மோதல் இல்லை. கடைசியில் பார்தொனெக்கியாவும் அதற்கே மாறியது. 1870 டிசம்பரில் இரு பக்கமும் சந்தித்தன.

பம்ப் வகைக்கும் ஒரு குறை. வேகமாக ஓட்டினால் தண்ணீர் சிதறிக் காற்றோடு போய்விடும். அடுத்து வந்த கோத்தார்ட் சுரங்கத்தில் கொலாடோன் தண்ணீரைத் தூறலாக சிலிண்டருக்குள் பீய்ச்சினார். இன்றைய தண்ணீர் ஸ்க்ரூ கம்ப்ரஸர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். இப்போதைய ஐஎஸ்ஓ 1217 சோதனை எவ்வளவு காற்று, எவ்வளவு மின்சாரம் என்று துல்லியமாகச் சொல்லும். உள்ளே எப்போது துருப்பிடிக்கும் என்பது அந்த ரிப்போர்ட்டில் இருக்காது.