திரையில் தமிழின் தோற்றம்

எழுத்து எவ்வடிவில் மக்கள் கண்முன் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. ஏட்டில் எழுதியவன் தன் எழுத்தின் வடிவைத் தானே வகுத்துக்கொண்டான். அச்சு வந்தபின் அவ்வுரிமை அச்செழுத்து வார்ப்போரிடம் சென்றது. தந்தை பெரியார் 1935-இல் தம் ஏட்டில் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஆணையாக்கியபொழுது, ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. கணினிக் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையையும், லினக்ஸ் இயங்குதளத்தின் எளிய பணிமேடைகள் அவ்விடைக்குத் துணைநிற்கும் திறத்தையும் ஈண்டுக் காண்போம்.

ஜொகூர் வாழ் தமிழர்க்கு இவ்வரலாறு தொலைவில் நிகழ்ந்ததன்று. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழை இடம்பெறச் செய்யும் பணியைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் பல நாட்டுத் தமிழர் கைகளில் தவழ்ந்தது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டையொட்டியே 'தமிழ் 99' விசைப்பலகை வரையறுக்கப்பட்டது.

அந்நாளில் இருந்த இடர்ப்பாடு யாது? ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலும் அவற்றை அடுத்த எண்களிலும் தமிழ் வடிவங்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். அதனால் ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்தது. எழுத்தும் அதன் தோற்றமும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து கிடந்தன. தோற்றத்தை மாற்ற முயன்றால் எழுத்தே அழிந்தது.

1991-இல் வெளிவந்த யூனிகோடு குறிமுறை இப்பிணைப்பை அறுத்தது. எழுத்துக்கு நிலையான எண் ஒன்று. அவ்வெண்ணுக்கு வடிவம் தருவது எழுத்துருவின் வேலை. ஆகவே, 1978-க்கு முற்பட்ட 'லை'யை விரும்புவோர் அவ்வடிவம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். மூலத்தில் ஓரெழுத்தும் மாறாது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

அதே 1991-இல்தான் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1984-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறை தோன்றியிருந்தது. சாளரங்களைத் திரையில் வரைவதற்கு வழி செய்து, அவை எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைப் பிறர் முடிவுக்கே விட்டுவிடுதல் அம்முறையின் கொள்கை. இக்கொள்கையே பல்வகைப் பணிமேடைகள் பிறக்க இடமளித்தது. 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் எக்ஸ்.எஃப்.சி.இ.யைத் தொடங்கினார். 2006-இல் தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ எல்.எக்ஸ்.டி.இ.யைத் தொடங்கினார். குறைந்த நினைவகமுள்ள பழைய கணினிகளிலும் தடையின்றி இயங்குதலே இவற்றின் சிறப்பு.

இவற்றில் தோற்றத்தை மாற்றுதல் அரிய வித்தையன்று. சாளர விளிம்பு, பொத்தான், படவுரு, பணிப்பட்டை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுப்பாக உள்ளது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று கெடாது. எல்.எக்ஸ்.டி.இ. பயன்படுத்தும் ஓப்பன்பாக்ஸ் என்னும் சாளர மேலாளரில், தலைப்புப் பட்டையின் நிறமும் இடைவெளியும் எளிய உரைக்கோப்பில் எழுதப்பட்டுள்ளன. அக்கோப்பைப் படித்துத் திருத்தும் உரிமை பயனர் எவர்க்கும் உண்டு.

ஆயினும், இத்தொகுப்புகளில் பெரும்பாலானவை உரோமன் எழுத்தைக் கண்முன் நிறுத்தி ஆக்கப்பட்டவை என்பதை மறத்தல் கூடாது. தமிழிலோ மேலே இகர ஈகாரக் குறிகள் வளையும். கீழே உகர ஊகாரக் குறிகள் இறங்கும். வரி உயரம் குறுகிய பட்டையில் 'கீ'யும் 'மூ'வும் நெருக்குண்டு நிற்கும். எழுத்தளவைச் சற்றே பெருக்கி, மேலும் கீழும் இடைவெளியைக் கூட்டினால் தமிழ் தன் முழுவடிவில் விளங்கும். இது வெறும் ஒப்பனையன்று. படிப்பவன் கண்ணுக்குச் செய்யும் உதவியாகும்.

ஜொகூரின் பெயர்ப்பலகைகளில் உரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நால்வகை எழுத்துகளை நாம் காண்கிறோம். இங்குள்ள கணினித் திரையும் நான்கையும் தாங்கவேண்டுமன்றோ? லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் என்னும் அமைப்பு இதனைச் செய்கிறது. எம்மொழிக்கு எவ்வெழுத்துரு முந்தவேண்டும் என்று பயனர் அதில் வரிசைப்படுத்தலாம். லோகித், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பிற எழுத்துகளின் இடத்தைப் பறிக்காமலே தமிழ் தனக்குரிய வடிவில் நிற்க இயலும்.

இன்று இதற்கு வேறொரு தேவையும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14.10.2025-இல் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் பள்ளிகளிலும் இல்லங்களிலும் உள்ளன. அவற்றைக் குப்பையில் எறிவதற்கு முன், எளிய பணிமேடை ஒன்றை நிறுவிப் பார்த்தல் தகும். மாணவன் அதில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து, பட்டையின் உயரத்தைத் திருத்தும்பொழுது, கணினி எவ்வாறு இயங்குகிறது என்பதையும் உடன் கற்கிறான்.

கணிப்பட்டியல்களைத் தமிழாக்கும் பணியைத் தன்னார்வலர் பலர், கே.டி.இ., க்னோம் ஆகிய பெரிய பணிமேடைகளுக்காக இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே செய்துவந்துள்ளனர். மூலநிரல் திறந்திருப்பதால் எவர் இசைவுக்கும் காத்திராமல் அவர்களால் அதனைச் செய்ய முடிந்தது. ஏடெழுதியவனுக்கு இருந்து, அச்சு வந்தபின் கைமாறிய உரிமை இன்று பயனரிடம் திரும்பியுள்ளது. எனினும், பயன்படுத்தாத உரிமை இல்லாததற்கு ஒப்பாகும். நாம் அமைக்காவிடில், தமிழறியாத ஒருவர் வகுத்த அளவிலேயே தமிழ் திரையில் நிற்கும். தமிழாசிரியர்கள் தம் வகுப்பில் உள்ள ஒரு கணினியிலேனும் இதனைச் செய்து காட்டுதல் வேண்டும்.